கையெழுத்துப் போட யாருக்கு உரிமை? வீட்டுக் கிரயம் பற்றிச் சில கேள்வி பதில்கள்

வங்கிகளுக்கும் தனியாருக்கும் லீகல் ஒப்பீனியன், அதாவது பத்திரங்களைப் பார்த்துச் சொத்தின் உரிமை பற்றிய சட்டக் கருத்து, எழுதுவதுதான் என் வேலை. வீடு வாங்குவது, விற்பது பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நடைமுறை. உங்கள் பத்திரங்களைப் பார்க்காமல் சொல்வதால், பணம் கொடுக்கும் முன் ஒரு வக்கீலிடம் அவற்றைக் காட்டிவிடுங்கள்.

மதுரையிலிருந்து: வீட்டுக்காரர் முப்பது வருட ஈசி (வில்லங்கச் சான்று) கொடுத்திருக்கிறார். வில்லங்கமே இல்லை. அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா சார்?

கொஞ்சம் பொறுங்கள். வில்லங்கச் சான்று, பதிவான பத்திரங்களைத்தான் காட்டும். ஒருவர் உயில் எழுதிப் பதிவே செய்திருந்தாலும் அது வேறு புத்தகத்தில் ஏறுவதால் ஈசியில் வராது. ஒரிஜினல் பத்திரத்தைத் தெரிந்தவரிடம் கொடுத்துக் கைமாற்று வாங்கியிருந்தால் அதுவும் வராது. பாகம் கேட்டு நடக்கும் வழக்கும் பெரும்பாலும் தெரியாது.

அப்புறம், ஈசி எந்த சர்வே எண்ணுக்குப் போட்டது என்று பாருங்கள். இன்று 112/3ஏ2 என்று இருக்கும் இடம், உட்பிரிவு ஆவதற்கு முன் வெறும் 112/3ஆக இருந்திருக்கும். புது எண்ணை மட்டும் கொடுத்துத் தேடினால் பழைய அடமானம் கண்ணில் படாமலே 'நில்', அதாவது எதுவும் இல்லை, என்று வந்துவிடும். தாய்ப்பத்திரத்தை, அதாவது இந்த இடத்துக்கான முந்தைய பத்திரத்தை, எடுத்து அதில் உள்ள பழைய எண்ணுக்கும் தேடுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் நீங்களே பார்க்கலாம். கணினியில் ஏறாத பழைய வருடங்களுக்கு மனு போட வேண்டும். விற்பவர் நீட்டும் நகலை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

திருச்சியிலிருந்து: சார்பதிவாளர் சரிபார்த்துத்தானே பதிவு செய்கிறார்?

எழுதிக்கொடுப்பவர் யார், முத்திரைத் தீர்வை சரியாகக் கட்டியிருக்கிறதா, பதியக் கூடாத சொத்தா என்பதெல்லாம் பார்ப்பார். விற்பவருக்கு உண்மையில் உரிமை இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை இல்லை. முந்தைய மூலப்பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்ற தமிழ்நாட்டுப் பதிவு விதி 55-ஏ(1)ஐ 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றபோதும் இதைத்தான் சொன்னது. சரிபார்க்கும் பொறுப்பு உங்களுடையது.

தாம்பரத்திலிருந்து: அப்பா சுயமாகச் சம்பாதித்து வாங்கிய வீடு. உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மாவும் நானும் விற்கிறோம். அக்காக்கள் இருவருக்கும் 1989க்கு முன்பே கல்யாணம் ஆகிவிட்டது. அவர்கள் கையெழுத்து தேவையில்லைதானே?

தேவை. இந்த 1989 கதையை வாரம் ஒருவராவது சொல்கிறார். 1989ல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் மகள்களுக்கும் பங்கு கொடுத்தது, அதற்கு முன் கல்யாணமானவர்களைத் தவிர்த்தது. ஆனால் அதுவும் 2005ஆம் ஆண்டு மத்திய அரசின் திருத்தமும் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றியவை. அப்பாவின் சுய சம்பாத்தியத்தில், அவர் உயில் எழுதாமல் போனால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகள்களுக்கு மகனுக்குச் சமமான பங்கு உண்டு. எப்போது கல்யாணம் ஆனது என்பது இங்கே கேள்வியே இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்று: அப்பா இறந்த அன்று உங்கள் பாட்டி, அதாவது அப்பாவின் அம்மா, உயிரோடு இருந்தாரா? இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. அவரும் உயில் எழுதாமல் பிறகு காலமாகியிருந்தால் அந்தப் பங்கில் அத்தை, சித்தப்பாவெல்லாம் வந்துவிடுவார்கள். கிரயம் நின்றுபோகும் கேஸ்களில் இது அடிக்கடி தலைகாட்டும். வாரிசுச் சான்றிதழில் பாட்டி பெயர் விட்டுப்போயிருந்தாலும் பங்கு போய்விடாது.

அக்காக்களுக்குப் பணம் வேண்டாம் என்றால் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யட்டும், அல்லது கிரயப் பத்திரத்திலேயே சேர்ந்து கையெழுத்துப் போடட்டும். "வாயால சொல்லிட்டாங்க" என்பதை எந்த வங்கியும் ஏற்காது. வாரிசுகளில் மைனர் யாராவது இருந்தால், இயற்கைக் காப்பாளரான தாயோ தந்தையோ மட்டும் கையெழுத்துப் போட்டு அந்தப் பங்கை விற்க முடியாது. முன்கூட்டியே நீதிமன்ற அனுமதி வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து: 20 ரூபாய்ப் பத்திரத்தில் அக்ரிமெண்ட் போட்டு 3 லட்சம் கொடுத்தேன், பதிவு செய்யவில்லை. இப்போது விலை ஏறிவிட்டது என்று இழுக்கிறார். என் பணம் போனதா?

போகவில்லை. தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிய வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் பதியாத ஒப்பந்தத்தையும், 'சொன்னபடி கிரயம் செய்து கொடு' என்று போடும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே 2023ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மீதிப் பணத்துடன் தயாராக இருப்பதாக உடனே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள், பணம் இருந்ததற்கு வங்கிக் கணக்கு ஆதாரம் வைத்திருங்கள். ஒப்பந்தத்தில் குறித்த கெடுவிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். "அடுத்த தை வரட்டும்" என்பதைக் கேட்டுக்கொண்டே அந்தக் காலத்தைத் தொலைத்தவர்கள் நிறைய.

திருப்பூரிலிருந்து: பத்திரத்தில் கைடுலைன் மதிப்பு (அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு) மட்டும் காட்டி, மீதியை ரொக்கமாகக் கொடுக்கச் சொல்கிறார் புரோக்கர்.

புரோக்கருக்கு என்ன, கமிஷன் வாங்கிக்கொண்டு போய்விடுவார். வீட்டுக் கிரயத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே விற்பவருக்கு வருமான வரிச் சட்டப்படி அபராதம் வரலாம். நாளைக்குக் கிரயம் ரத்தானால் ரொக்கத்தைத் திருப்பிக் கேட்க உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. செய்யாதீர்கள்.

துபாயிலிருந்து: சேலத்தில் என் வீட்டை விற்க அண்ணனுக்கு பவர் (எனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம்) கொடுக்க நினைக்கிறேன். லீவு கிடைக்கவில்லை.

கொடுக்கலாம். இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அத்தாட்சி வாங்குங்கள். பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பொதுப்படையாக எழுதாமல் இந்த ஒரு சொத்துக்கு மட்டும், சர்வே எண்ணோடு எழுதுங்கள். பணம் உங்கள் கணக்குக்கே வர வேண்டும் என்றும் சேருங்கள். அண்ணனாக இருந்தாலும்.

இன்னொன்று: 50 லட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட கிரயத்தில் வாங்குபவர் 1% டிடிஎஸ் (விலையிலிருந்து வருமான வரிக்காகப் பிடித்துக் கட்டும் தொகை) பிடிப்பது இங்கே வசிப்பவரிடம் வாங்கும்போதுதான். வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் பிடித்தம் அதைவிட மிக அதிகம், 50 லட்சத்துக்குக் கீழே விற்றாலும் உண்டு. குறைந்த விகிதத்துக்கு வருமான வரித் துறையிடம் முன்பே சான்று வாங்கலாம். ஆடிட்டரிடம் இப்போதே பேசுங்கள்.

வேலூரிலிருந்து: வீட்டுக் கடனை அடைத்துவிட்டேன். ஆனால் ஈசியில் இன்னும் அடமானம் காட்டுகிறது, வாங்க வந்தவர் பின்வாங்குகிறார்.

கடன் அடைந்தது பதிவுத்துறைக்குத் தானாகத் தெரியாது. கடன் தீர்ந்தது என்று வங்கியிடம் ரசீதுப் பத்திரம் எழுதி வாங்கிப் பதிவு செய்தால் அந்த விவரம் ஈசியில் ஏறும். ஒரிஜினல்களை வங்கி 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கி விதி.

கோவையிலிருந்து: பதிவு அன்று என்ன நடக்கும், எவ்வளவு செலவு?

முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. கைடுலைன் மதிப்பு, பேசிய விலை இரண்டில் எது அதிகமோ அதற்கு. 22 லட்சம் என்றால் 1,98,000 ரூபாய். புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்குக் கணக்கு வேறு. 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் 1% குறைவு.

டோக்கன் நேரத்துக்கு விற்பவர், வாங்குபவர், இரண்டு சாட்சிகள் அசல் அடையாள அட்டையோடு போக வேண்டும். போட்டோ, கைரேகை எடுப்பார்கள். எழுதிக் கையெழுத்திட்ட பத்திரத்தை நான்கு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்துத் தூங்கிவிடாதீர்கள்.

முக்கியமான வேலை முந்தின நாள்தான். டிராஃப்டை வாங்கி சொத்து விவரப் பக்கத்தை, தாய்ப்பத்திரத்தைப் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் படியுங்கள்: சர்வே எண், சதுர அடி, நான்கு எல்லை, இனிஷியல். கிழக்கும் மேற்கும் மாறிப்போன பத்திரங்கள் ஏராளம். பதிவுக்குப் பிறகு திருத்த வேண்டுமென்றால் பிழைத்திருத்தல் பத்திரத்துக்கு அதே விற்பவர் மறுபடி வந்து கையெழுத்துப் போட வேண்டும். பணம் வாங்கிய பிறகு அவரைப் பிடிப்பது உங்கள் சாமர்த்தியம்.