சின்னக் கடைக்கும் சந்தை ஆய்வு தேவையா?

யார் வாங்குவார், எப்போது, என்ன விலைக்கு என்று காசைப் போடுமுன் விசாரிப்பதுதான் சந்தை ஆய்வு. நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் கூட்டத்தை நம்பிக் கடை எடுப்பவர், ஜூன் மழையிலும் அந்தத் தெருவை நடந்து பார்க்கட்டும். வாடகை 12 மாதத்துக்கும்! தேயிலைத் தோட்டப்பக்கம் என்றால் சம்பள வாரத்தில்தான் கைக்காசு; மற்ற நாட்களில் கடன் கொப்பிதான். இதை அறிந்து முதலீட்டைப் பிரித்துப் போடுவது திட்டம். தோட்டத்தில் எல்லா மலையையும், அதாவது தேயிலைப் பகுதிகளையும், ஒரே வருடம் கவ்வாத்து வெட்டுவதில்லை (செடியைக் கத்தரிப்பதுதான் கவ்வாத்து). வெட்டிய செடி கொழுந்து தர மாதங்களாகும், அதுவரை மற்ற மலைகள் தாங்கும். அப்படித்தான் முதலீடும்: எல்லாவற்றையும் ஒரே தடவையில் போடாமல் பிரித்துப் போடுவது.

ஆய்வு பெரிய கம்பனிகளுக்கே என்று பலர் நினைக்கிறார்கள். பக்கத்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) ஆட்கள் இப்போது எங்கே சாமான் வாங்குகிறார்கள் என்று கேட்டறிவதும் ஆய்வுதான்.