கை பழையபடி ஆகுமா? மார்பக அறுவைக்குப் பிறகு: கேள்வி பதில்

மார்பகப் புற்றுநோய் அறுவை முடிந்தவர்களுக்குக் கை, தோள் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் நான். என் வேலைக்குள் வரும் கேள்விகளுக்கு விரிவாக எழுதுகிறேன். மற்றவற்றுக்கு யாரிடம் போக வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

கேள்வி: ஆறு வாரம் ஆகிறது. தையல் ஆறிவிட்டது. ஆனால் மேல்கையின் உட்புறம் தொட்டால் வேறு யாருடைய கையையோ தொடுவது போல இருக்கிறது. எப்போது சரியாகும்?

பதில்: அக்குள் நெறிக்கட்டிகளுக்கு (நிணநீர் முடிச்சுகளுக்கு) நடுவே ஒரு மெல்லிய நரம்பு ஓடுகிறது. விலா எலும்புகளின் இடைவெளியில் கிளம்பி மேல்கையின் உட்புறத் தோலுக்குப் போவது அது. கட்டிகளை எடுக்கும்போது சில சமயம் அதை வெட்டாமல் முடியாது. இழுபட்டு மட்டும் இருந்தால் உணர்ச்சி மாதக்கணக்கில் மெல்லத் திரும்பும். வெட்டுப்பட்டிருந்தால் மரத்த இடம் சுருங்கலாம், முழுதாகப் போகாமலும் இருக்கலாம். அது தோல் உணர்ச்சிக்கான நரம்புதான், கையின் பலம் அதனால் குறையாது. அறுவைக்கு முன்பே இதைச் சொல்லியிருந்தால் நீங்கள் ஆறு வாரம் பயந்திருக்க மாட்டீர்கள். ஒன்றை மறக்காதீர்கள்: மரத்த இடத்தில் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். சுடுவது உங்களுக்குத் தெரியாது. கொப்புளத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: காயத்தில் சேரும் நீரை வடிக்க வைத்த ட்ரெயின் குழாயை எப்போது எடுப்பார்கள்?

பதில்: ஒரு நாளில் சேரும் நீர் சுமார் 30 மி.லி.க்குக் கீழே இறங்கி, அடுத்த நாளும் அப்படியே இருந்தால் பல இடங்களில் எடுத்துவிடுவார்கள். உங்கள் சர்ஜன் சொல்லும் அளவே முடிவு. தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதி வையுங்கள்.

கேள்வி: கையை உயர்த்தினால் அக்குளிலிருந்து முழங்கை வரை கயிறு கட்டி இழுப்பது போல இருக்கிறது. நோய் திரும்பிவிட்டதா?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது வேறு. போன வாரம் ஒரு அம்மா இதே பயத்தோடு வந்தார். கையைப் பக்கவாட்டில் மெல்லத் தூக்கச் சொன்னேன். தோள் உயரம் வருவதற்குள் அக்குள் தோலுக்கு அடியில் மூன்று இழைகள் விறைத்து எழும்பின. அவர் விரலையே பிடித்து அதன் மேல் ஓட்டிக் காட்டினேன். நெறிக்கட்டி எடுத்த பிறகு நிணநீர்க் குழாய்களும் அவற்றைச் சுற்றிய திசுவும் தடித்து இப்படிக் கயிறாகும். பெரும்பாலும் முதல் சில வாரங்களில் தலைகாட்டும். இதமான நீட்டல் பயிற்சியில் பலருக்குச் சில மாதங்களில் கரைந்துவிடும். வலிக்கிறது என்று கையை மடக்கியே வைத்திருந்தால் தோளும் சேர்ந்து இறுகிக்கொள்ளும். ஒருமுறை நேரில் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். தனியாகக் கட்டி எதுவும் கையில் பட்டால் அன்றே சர்ஜனிடம் போங்கள்.

கேள்வி: டமாக்சிஃபென் (ஹார்மோன் மாத்திரை) ஆரம்பித்ததிலிருந்து உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்து என் துறை இல்லை. புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள், தணிக்க வழி இருக்கிறது.

கேள்வி: முழு மார்பகத்தையும் எடுத்தாயிற்று. இனிமேல் பயமே இல்லை அல்லவா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. எடுத்த பக்கத்து நெஞ்சுத் தோலிலும் நோய் திரும்ப வாய்ப்புண்டு, செக்கப்பை விடாதீர்கள். முழுதாக எடுத்ததாலேயே ஆயுள் கூடிவிடுவதும் இல்லை. புற்றுக் கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் வாங்கியவர்களும் முழுதாக எடுத்தவர்களும் ஒரே அளவு வாழ்ந்தார்கள் என்று 2002இல் வெளியான இரண்டு 20 வருட ஆய்வுகள் காட்டின. ஒன்று அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் நடத்தியது, இன்னொன்று இத்தாலியில் உம்பெர்ட்டோ வெரோனேசி நடத்தியது.

கேள்வி: அறுவை செய்த பக்கத்துக் கையில் இரண்டு கிலோவுக்கு மேல் ஆயுசுக்கும் தூக்கக் கூடாது, வீங்கிவிடும் என்கிறார்களே?

பதில்: ஆறும் வரைதான் கட்டுப்பாடு. அதன் பிறகு படிப்படியாகத் தூக்க வேண்டும். பயன்படுத்தாத கைதான் பலவீனமாகிறது.

(இதற்கு ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் மறுப்பு எழுதினார்: "முப்பது வருடம் வார்டில் இருந்தவள் நான். பேரனைத் தூக்கிய மறுநாளே கை வீங்கி வந்தவரைக் கண்ணால் பார்த்தேன். தைரியம் சொல்கிறேன் என்று ஆபத்தில் தள்ளாதீர்கள்.")

பதில்: அம்மா, நீங்கள் பார்த்ததை நான் மறுக்கவில்லை. எனக்கும் முதலில் 'தூக்காதே' என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு 2009இல் ஒரு ஆய்வு வந்தது. ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களில் பாதிப் பேருக்கு வாரம் இரண்டு முறை, மேற்பார்வையோடு, எடையைச் சிறிது சிறிதாக ஏற்றிப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் வீக்கம் மோசமானது அவர்களில் 14 சதவீதம் பேருக்கு. பயிற்சி செய்யாதவர்களில் 29 சதவீதம். வீக்கத்துக்குப் பெரிய காரணங்கள் அக்குள் நெறிக்கட்டிகளை மொத்தமாக எடுப்பது, ரேடியேஷன், உடல் பருமன், தோல் தொற்று. மொத்தமாக எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வீக்கம் வருகிறது. சென்டினல் நெறிக்கட்டியை, அதாவது புற்று முதலில் பரவக்கூடிய ஒன்றிரண்டை, மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேர். மாதக்கணக்கில் அசையாமல் இருந்த கையால் திடீரென்று குழந்தையை வாரி எடுத்தால் சிரமம்தான். அதற்காகவே முன்கூட்டிப் பழக்கச் சொல்கிறேன்.

(அவர் மீண்டும்: "அப்படியானால் அந்தக் கையில் ஊசி போடலாம், பிரஷர் பார்க்கலாம் என்பீர்களா?")

பதில்: மறு கை இருக்கும்போது அதையே நீட்டுங்கள். ஆனால் அவசரத்தில் ஒருமுறை இந்தக் கையில் பார்த்துவிட்டார்கள் என்று தூக்கம் கெட வேண்டாம். அதனால் வீக்கம் வந்ததாக ஆய்வுகளில் தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை. தொற்றுக்குத்தான் பயப்பட வேண்டும். கை சிவந்து சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். மேற்பார்வை இல்லாமல் எடை ஏற்றக் கூடாது என்ற அளவில் நீங்கள் சொல்வது சரி.

கேள்வி: வாளி தூக்கலாமா?
கேள்வி: பை மாட்டலாமா?
கேள்வி: ஜிம் போகலாமா?

பதில்: மூன்றுக்கும் மேலே பதில் இருக்கிறது. முழுதாகப் படியுங்கள்.

கேள்வி: மார்பக மறுசீரமைப்பு செய்துகொண்டால் உணர்ச்சி திரும்புமா?

பதில்: வடிவம் திரும்பும். தொடு உணர்ச்சி பெரும்பாலும் பழையபடி வராது. பிளாஸ்டிக் சர்ஜனிடம் இதை நேராகக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். செய்யாமல் தட்டையாகவே விடுவதும் முறையான முடிவுதான்.

கேள்வி: மனைவிக்கு அறுவையாகி நான்கு மாதம். ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது. ஆனால் எடுத்த மார்பில் அரிக்கிறது என்கிறார், கண்ணாடி பார்ப்பதில்லை. அரிப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாமா?

பதில்: கூடாது, காரணம் முதல் பதிலில் இருக்கிறது. அரிப்பு அவர் கற்பனை இல்லை, தம்பி. மார்பிலிருந்து வந்த நரம்புகளின் மிச்சம் மூளைக்கு இன்னமும் சேதி அனுப்புகிறது. என்னிடம் வரும் ஒருவர் பேசிக்கொண்டே சட்டைக்குள் விரலை விடுவார், சொறிய அங்கே ஒன்றும் இராது, கையை அப்படியே வெளியே எடுத்துக்கொள்வார். நாளாக ஆகப் பலருக்குக் குறைகிறது. வலியாக மாறினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கண்ணாடி விஷயத்தில் வற்புறுத்தாதீர்கள். தழும்பு நன்றாக ஆறியிருந்தால் தினமும் எண்ணெய் தடவி மெல்லத் தேய்த்துவிட வேண்டும். அதை நீங்கள் செய்யலாமா என்று அவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் அடுத்த வாரம் கேளுங்கள். அழுகை தொடர்ந்தால் மனநல ஆலோசகரிடம் கூட்டிப் போங்கள்.