கந்தோர் எந்த விறாந்தையில் இருந்தது?

கேள்வி: ஐயா, அப்பப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு கடித உறை கிடைத்தது. ஆறாம் ஜோர்ஜ் மன்னர் தலை போட்ட மூன்று சத முத்திரை இரண்டு. முன்பக்கம் முல்லைத்தீவு, பின்பக்கம் மாங்குளம் என்று திகதி முத்திரை; ஆண்டு 1946. அப்போது அப்பப்பா மாங்குளத்தில் றெயில்வே வேலை. அந்தத் தபாற்கந்தோர்க் கட்டடங்களை எப்படித் தேடுவது?
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: தங்கச்சி, திகதி முத்திரை கந்தோரின் பெயரைத்தான் சொல்லும், கட்டடத்தைச் சொல்லாது. நான் தபாலில் முப்பது வருஷம் இருந்தவன். பெயரும் முத்திரை குத்தும் அச்சும் மாறாமல், இடம் மட்டும் மூன்று முறை மாறிய கந்தோரில் வேலை செய்திருக்கிறேன்.

உப தபாற்கந்தோர் என்றால் கேட்கவே வேண்டாம். இடத்தை உப தபாலதிபரே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே பல ஊர்களில் அவர் வீட்டு விறாந்தைதான் கந்தோர். அவர் விலகினால் தராசும் அச்சும் இன்னொரு வீட்டுக்குப் போய்விடும். அதனால் 'பழைய தபாற்கந்தோர் எது?' என்று கேட்காதீர்கள்; எல்லோரும் இப்போதுள்ளதைக் காட்டுவார்கள். 'அந்த நாளில் போஸ்மாஸ்ரர் யார், எந்த வளவில் இருந்தவர்?' என்று கிழவிமாரிடம் கேளுங்கள். எங்கள் பக்கத்தில் சுவர் போன பிறகும் கிணறு நிற்கும். அதை வைத்தே இடத்தைப் பிடித்துவிடலாம்.

பின்பக்கத்தில் இருப்பது கடிதம் வந்து சேர்ந்த முத்திரை. இரண்டு திகதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எத்தனை நாள் எடுத்தது என்று தெரியும். முல்லைத்தீவிலிருந்து மாங்குளத்துக்கு ஏறக்குறைய 50 கிலோமீற்றர், வழியில் ஒட்டுசுட்டான். உங்கள் ஊரைத் தாண்டித்தான் அந்தப் பை போயிருக்கும்! மாங்குளம் ஸ்ரேசனில் போய் அப்பப்பாவைத் தேடாதீர்கள். 1990இல் ஓட்டம் நின்று, 2013 செப்டெம்பரில்தான் கிளிநொச்சி வரை றெயில் திரும்ப வந்தது. இப்போதுள்ள ஸ்ரேசன் புதிதாகக் கட்டியது.

பிறகு கடதாசிகள். நில அளவைத் திணைக்களத்தின் பழைய 'ஒரு மைலுக்கு ஓர் அங்குலம்' வரைபடங்களில் தபாற்கந்தோருக்குக் குறி இருக்கும். வேறு வேறு ஆண்டுப் பதிப்புகளை எடுத்துப் பார்த்தால், குறி தெருவின் எந்தப் பக்கம் நகர்ந்தது என்பது சில வேளை தெரியும். தபால் மா அதிபரின் ஆண்டு நிர்வாக அறிக்கைகளையும் பேர்குசன் டிரெக்டரி என்ற பழைய இலங்கை விபரப் புத்தகத்தையும் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் கேளுங்கள். ஒன்று கவனம்: முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல். அதற்கு முந்திய தாள்களை வவுனியாவுக்குள் தேட வேண்டும். கிளிநொச்சிக்கு 1984; அதற்கு முன் யாழ்ப்பாணம். இது தெரியாமல் நான் இரண்டு நாளை வீணாக்கினேன், சாப்பாட்டுக் காசும் போச்சு. றெயில் வருவதற்கு முந்திய வன்னி வேண்டுமென்றால், ஜே. பி. லூயிஸ் 1895இல் எழுதிய வன்னி மாவட்டங்களின் கைந்நூல் இருக்கிறது.

கேள்வி: அந்த முத்திரைகளை வெட்டி அல்பத்தில் ஒட்டலாமா?
- அதே வாசகி

பதில்: வேண்டாம். பத்து வயதில் நான் அம்மம்மாவின் உறைகளையெல்லாம் தண்ணீரில் ஊறப்போட்டு முத்திரையைக் கழற்றினேன். முத்திரைகள் இன்னும் இருக்கின்றன. எந்த ஊரிலிருந்து யார் போட்ட கடிதம் என்பது வாளித் தண்ணீரோடு போய்விட்டது.