ஆறாவது புள்ளி

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் மகள் வாள்வீச்சு ஆடிய நாட்களைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியிருந்ததை நினைவில் வைத்து இதை எழுதுகிறேன்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மூன்று ஆண்டுகளாக வாள்வீச்சில் ஃபாயில் என்ற வாள் வகையில் ஆடுகிறாள். 17 வயதுக்குட்பட்டோர் பிரிவில் போட்டிகளுக்குப் போகத் தொடங்கியிருக்கிறோம். ஒரு குழுவில் எல்லோரும் எல்லோரோடும் மோதும் பூல் சுற்றில் ஆறு ஆட்டம் என்றால் ஐந்தில் ஜெயித்துவிடுவாள். நாக்-அவுட் வந்ததும் முதல் ஆட்டத்திலேயே தோற்றுப்போகிறாள். கடந்த மூன்று போட்டிகளிலும் இதே கதைதான்.

என் கணவர் எல்லா ஆட்டங்களையும் கைபேசியில் எடுத்து, ஊர் திரும்பும் பஸ்ஸிலேயே அவளுக்குப் போட்டுக் காட்டுகிறார். நடுவர்கள் ஆள் பார்த்துப் புள்ளி தருகிறார்கள் என்பது அவருடைய முடிவு. "இரண்டு விளக்கும் எரிந்தது, புள்ளி மட்டும் எப்படி அந்தப் பிள்ளைக்குப் போகும்?" என்று கேட்கிறார். போன தடவை எழுந்து நின்று சத்தம் போட்டுவிட்டார். வாள்வீச்சு வீராங்கனை பவானி தேவியின் அம்மா நகையை அடகு வைத்து மகளை ஆளாக்கவில்லையா, நாம் மட்டும் பின்வாங்கலாமா என்கிறார். என் மாமியாரோ, பெண்பிள்ளைக்கு வாள் எதற்கு, கண்ணில் பட்டால் யார் பதில் சொல்வது என்கிறார். அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு. நிறுத்திவிடலாமா? அவளிடம் கேட்டால் வாயே திறப்பதில்லை.

இன்னொன்று, சிறிய விஷயம்தான். வாள் பட்டால் விளக்கை எரிய வைக்கும் அவளுடைய லாமே ஜாக்கெட்டில் அக்குள் பக்கம் பச்சை பூத்திருக்கிறது. புதிது வாங்க வேண்டுமா?

ம., திருநெல்வேலி

*

அன்புள்ள ம.,

உங்கள் கேள்விகளில் கடைசிக் கேள்விக்கு மட்டும்தான் எனக்குத் தயங்காமல் பதில் சொல்லத் தெரியும். அதைக் கடைசியிலேயே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்த இரண்டு விளக்குகள். உங்கள் கணவரின் கோபம் எனக்கு நன்றாகப் புரிகிறது. மூன்று ஆண்டுகள் நானும் அதே கோபத்தோடு அரங்குகளில் உட்கார்ந்திருந்தவன். ஃபாயிலில் ஒருவரின் முனை எதிராளியின் உடற்பகுதியில் பட்டால் அவர் பக்கத்து வண்ண விளக்கு எரியும். கையிலோ காலிலோ பட்டால் வெள்ளை விளக்கு எரியும், ஆட்டம் நிற்கும், புள்ளி கிடையாது. ஒருவர் தொட்ட பிறகு மற்றவர் தொடுவதற்கு அந்த விளக்குகளை இயக்கும் மின்பெட்டி தரும் அவகாசம் ஏறத்தாழ 300 மில்லி விநாடி. அதற்குள் இருவருமே தொட்டுவிட்டால் இரண்டு வண்ண விளக்குகளும் எரியும். அதற்கு மேல் பெட்டிக்கு வேலையில்லை. யாருக்குப் புள்ளி என்பதை நடுவர்தான் சொல்ல வேண்டும்.

முதலில் கையை நீட்டி, முனையை எதிராளியின் உடலுக்கு நேராக வைத்துக்கொண்டு முன்னேறியவருக்குத் தாக்கும் உரிமை. எதிராளி அந்த வாளைத் தன் வாளால் தட்டிவிட்டால், அதாவது பாரி செய்துவிட்டால், உரிமை அவர் கைக்குப் போய்விடும். அவர் உடனே திருப்பித் தாக்கினால் புள்ளி அவருக்கு. முதலில் வந்தவர் விடாமல் குத்தித் தன் விளக்கையும் எரிய வைத்திருப்பார், ஆனால் அது கணக்கில் வராது. உங்கள் கணவருக்கு எப்பே என்ற வாள் வகை பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே உரிமை என்ற பேச்சே கிடையாது, உடம்பில் எங்கு பட்டாலும் புள்ளி, இரண்டு விளக்கு எரிந்தால் இருவருக்கும் ஒவ்வொன்று. ஃபாயிலும், சேபர் என்ற மூன்றாவது வகையும் அப்படி இல்லை. பார்வையாளர் வரிசையின் ஒரு ஓரத்திலிருந்து எடுத்த கைபேசிப் படத்தில் விளக்கு நன்றாகத் தெரியும். எந்தக் கை முதலில் நீண்டது என்பது தெரியாது. நடுவர் தவறே செய்வதில்லை என்று சொல்லவரவில்லை, செய்வார்கள். ஆனால் அந்தப் படத்தை வைத்து அதை நிரூபிக்க முடியாது.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் மகளும் ஃபாயில்தான். ஒரு போட்டியில் கால் இறுதி, 13-13. அவள் பாய்ந்து தாக்கினாள், இரண்டு விளக்கும் எரிந்தது, நடுவர் எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். நான் எழுந்து, "அது பாரியே இல்லை, வாள் படவே இல்லை!" என்று கத்தினேன். நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பி மஞ்சள் அட்டையைக் காட்டினார். களத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கும் அட்டை உண்டு என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். இன்னொரு முறை கத்தியிருந்தால் கறுப்பு அட்டை, அரங்கைவிட்டே வெளியேற வேண்டியிருக்கும். அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் மகள் மட்டும் பார்க்கவில்லை. முகக்கவசத்தைக் கழற்றாமல், வாளின் முனையைத் தரையில் ஊன்றியபடி நின்றிருந்தாள். அடுத்த புள்ளியும் போனது, ஆட்டம் முடிந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். நெடுநேரம் பேசவில்லை. விழுப்புரம் தாண்டியபோது, வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா, அது பாரிதான். என் கையிலே தெரிஞ்சது."

அதன்பிறகு நான் அரங்கில் வாய் திறந்ததில்லை.

அடுத்தது நாக்-அவுட் விஷயம். இதில் உங்கள் மகளிடம் பெரிய குறை ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பூல் ஆட்டம் ஐந்து புள்ளி, மூன்று நிமிடம். நாக்-அவுட் பதினைந்து புள்ளி, மும்மூன்று நிமிடமாக மூன்று பகுதிகள், நடுவில் ஒவ்வொரு நிமிட ஓய்வு. களம் அதே 14 மீட்டர்தான், ஆனால் ஆட்டம் வேறு. ஐந்து புள்ளிக்கு ஒரு நல்ல தாக்குதல் கைவசம் இருந்தால் போதும், எதிராளி அதைப் புரிந்துகொள்வதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். பதினைந்து புள்ளியில் அப்படி ஓட முடியாது. ஐந்தாவது, ஆறாவது புள்ளி வரும்போது எதிரே நிற்கும் பிள்ளைக்கு உங்கள் மகளின் கை எங்கே வரும் என்று தெரிந்துவிடும். அங்கிருந்து அவள் ஏமாற்றத் தொடங்க வேண்டும். வழக்கமான தாக்குதலைப் பாதிவரை காட்டிவிட்டு நிறுத்த வேண்டும், எதிராளி பாரிக்குக் கையை வீசும்போது முனையை அடியில் சுற்றி மறுபக்கம் கொண்டுபோக வேண்டும், வேண்டுமென்றே இரண்டடி பின்வாங்கித் தூரத்தை மாற்ற வேண்டும்.

அந்த வீடியோக்கள் உங்களிடம் இருக்கின்றன அல்லவா? அவற்றுக்கு ஒரு நல்ல பயன் உண்டு. மூன்று தோல்விகளிலும் ஸ்கோர் எந்த இடத்தில் திரும்பியது என்று மட்டும் ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். 5-3 என்று முன்னால் இருந்தவள் 6-9 ஆகியிருப்பாள் என்பது என் ஊகம். அந்தத் தாளைப் பயிற்சியாளரிடம் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள். ஓய்வு நிமிடத்தில் அவளிடம் பேச வேண்டியவர் அவர். அந்த ஒரு நிமிடத்தில் ஒரு பிள்ளையின் காதில் ஒரு வாக்கியம்தான் ஏறும். வரிசையிலிருந்து அப்பாவும் குரல் கொடுத்தால் அந்த ஒன்றும் ஏறாது.

பூலில் தோற்கும் அந்த ஒரு ஆட்டத்தையும் யாரும் அலட்சியமாகப் பார்க்க வேண்டாம். நாக்-அவுட் வரிசையைப் பூல் முடிவுகளை வைத்துத்தான் போடுகிறார்கள். முதலில் வெற்றி விகிதம், அது சமமாக இருந்தால் அடித்த புள்ளிகளில் வாங்கிய புள்ளிகளைக் கழித்து வரும் எண். 0-5 என்று தோற்பதற்கும் 4-5 என்று தோற்பதற்கும் இடையில் நான்கு புள்ளி வித்தியாசம், அதனால் எதிரே வரும் ஆளே மாறலாம். "தோற்றுவிட்டேன்" என்று சொல்லும் பிள்ளையிடம் "எத்தனைக்கு எத்தனை?" என்று கேட்க இது ஒரு நல்ல காரணம்.

பவானி தேவி. அவர் ஆடுவது சேபர், உங்கள் மகள் ஆடுவது ஃபாயில், அது போகட்டும். நகை அடகு வைத்த கதை எல்லோருக்கும் தெரிகிறது. அதற்கு நடுவில் கிடந்த ஆண்டுகளை யாரும் சொல்வதில்லை. 2004-ல் பள்ளியில் மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டதால் வாள்வீச்சுக்கு வந்தவர் அவர். பயிற்சிக்கு மூங்கில் கம்பு, உண்மையான வாள் போட்டிக்கு மட்டும். பதினான்கு வயதில், துருக்கியில் நடந்த தன் முதல் சர்வதேசப் போட்டியில், மூன்று நிமிடம் தாமதமாக வந்ததற்காகக் கறுப்பு அட்டை வாங்கி வெளியேறினார். உங்கள் மகளின் வயதில் பவானி தேவி செய்தது இதுதான் என்பதைக் கணவரிடம் சொல்லுங்கள். 2016 ரியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி கிட்டவில்லை. 2021-ல் டோக்கியோ. ஒலிம்பிக் களமேறிய முதல் இந்திய வாள்வீச்சு வீராங்கனை, முதல் ஆட்டத்தில் துனிசியாவின் நாடியா பென் அசிசியை 15-3 என்று வென்றார். அடுத்த ஆட்டத்தில், அந்த ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய பிரான்ஸின் மனோன் ப்ரூனேயிடம் 7-15 என்று தோற்றார். 2023-ல் சீனாவின் வூஷியில் ஆசிய சாம்பியன்ஷிப் வெண்கலம். வழியில் அவர் தோற்கடித்தது அப்போதைய உலக சாம்பியன், ஜப்பானின் மிசாகி எமுராவை. கம்பைக் கையில் எடுத்ததிலிருந்து அந்தப் பதக்கம் வரை பத்தொன்பது ஆண்டுகள்.

நகையை அடகு வைத்தது அந்த அம்மாவின் முடிவு. அந்தக் கதையை உங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் அடிக்கடி எடுத்தால், பிள்ளை ஒவ்வொரு புள்ளியையும் கிராம் கணக்கில் பார்க்கத் தொடங்கிவிடுவாள்.

மாமியாரின் பயத்தைச் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள், அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 1982-ல் ரோமில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில், எதிராளியின் வாள் உடைந்து முகக்கவசத்தைத் துளைத்து, ஒலிம்பிக் சாம்பியன் விளாடிமிர் ஸ்மிர்னோவ் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் கவசத்தின் கம்பிவலை, சட்டையின் துணி, வாளின் எஃகு எல்லாவற்றுக்கும் விதிகள் இறுகின. சட்டையின் முத்திரையில் 350 அல்லது 800 நியூட்டன் என்று போட்டிருக்கும், துணி எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதன் அளவு அது. மாமியாரிடம் அந்த முத்திரையைக் காட்டுங்கள். கம்பிவலையில் துருவோ பள்ளமோ இருந்தால் அந்தக் கவசத்தை மாற்றிவிடுங்கள், அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மற்றபடி இந்த விளையாட்டில் பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் கணுக்கால் சுளுக்கும் முட்டி வலியும்தான். எப்போதும் ஒரே காலை முன்வைத்துப் பாய்வதால் என் மகளுக்கு ஒரு தொடை மற்றதைவிடப் பருத்துவிட்டது. பாவாடை தைக்கும் அக்காதான் முதலில் கண்டுபிடித்துச் சொன்னார்! மறுபக்கத்துக்கும் உடற்பயிற்சி கொடுக்கும்படி பயிற்சியாளரிடம் கேளுங்கள்.

பத்தாம் வகுப்பு. என் கருத்தைக் கேட்டால் நிறுத்த வேண்டாம், குறையுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் பயிற்சி போதும். வெளியூர்ப் போட்டிகளில் முக்கியமான ஒன்றிரண்டைத் தவிர மற்றதை விட்டுவிடலாம். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைக்கும் என்ற கணக்கை இப்போதே போடாதீர்கள். ஒதுக்கீடு இருக்கிறது, ஆனால் அதற்காக ஆடும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். சான்றிதழைக் கையில் வாங்கிய மறுநாள் வாளைப் பரணில் போட்டுவிடுகிறார்கள்.

அவள் வாய் திறப்பதில்லை என்கிறீர்கள். எப்போது கேட்டீர்கள்? தோற்றுத் திரும்பும் இரவில் என்றால் நானும் திறந்திருக்க மாட்டேன். போட்டி எதுவும் இல்லாத வாரத்தில், பயிற்சி முடிந்து வரும் வழியில், கரும்புச்சாறு குடிக்கும்போது கேளுங்கள். "தொடரலாமா, விடலாமா" என்று கேட்காதீர்கள், எந்தப் பதில் சொன்னாலும் யாராவது ஒருவர் முகம் வாடும் என்று அவளுக்குத் தெரியும். "இன்றைக்கு யாரோடு ஆடினாய், எப்படித் தொட்டாய்?" என்று கேளுங்கள். கையை ஆட்டி விளக்கத் தொடங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. கையில் இருக்கும் டம்ளரைப் பார்த்துக்கொண்டே நின்றாலும் கிடைத்துவிட்டது.

இப்போது லாமே. புதிது வாங்க வேண்டாம், அவசரமில்லை. அந்தத் துணியில் உலோக இழை ஓடுகிறது, வியர்வை உப்பு பட்டுப் பச்சை பூக்கிறது. அந்த இடத்தில் மின்சாரம் சரியாக ஓடாமல் போனால், எதிராளி அங்கே தொட்டாலும் வண்ண விளக்கு எரியாது. மீட்டர் வைத்திருக்கும் ஆள் யாராவது பயிற்சி இடத்தில் இருப்பார், தடவிப் பார்த்துச் சொல்வார். இன்னும் ஓடினால் கவலை வேண்டாம். வாளியில் குளிர்ந்த நீர், கொஞ்சம் மென்மையான சோப்புக் கரைசல், சிறிது நேரம் ஊறவைத்து, தேய்க்காமல், முறுக்காமல் இரண்டு முறை அலசி, நிழலில் தடித்த ஹேங்கரில் தொங்கவிடுங்கள். துவைக்கும் இயந்திரத்தில் போடவே கூடாது. ஆட்டம் முடிந்ததும் ஈரத்தோடு மடித்துப் பையில் திணிக்கும் பழக்கம்தான் பாதி நாசம். மடித்த இடத்தில் இழை முறியும்.

இந்த வேலையை நீங்கள் செய்யாதீர்கள், அவளே செய்யட்டும். என் மகள் லாமே துவைப்பது, வாளை மின்பெட்டியோடு இணைக்க உதவும் பாடி வயர் இரண்டையும் சோதிப்பது, 500 கிராம் எடைக்கல்லை வாள்முனையில் நிறுத்தி ஸ்பிரிங் தூக்குகிறதா என்று பார்ப்பது எல்லாவற்றையும் போட்டிக்கு முந்தின இரவு தானே செய்வாள். முனையில் இருக்கும் திருகாணிகள் கடுகளவுதான் இருக்கும். உபரித் திருகாணிகளைப் பழைய விபூதி டப்பா ஒன்றில் போட்டு வைத்திருந்தாள். களமேறும்போது வாள் வேலை செய்யாவிட்டால் மஞ்சள் அட்டை என்பதால் அந்த டப்பா இல்லாமல் எங்கும் கிளம்ப மாட்டாள். அவள் ஆடுவதை விட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. டப்பா இன்னும் என் மேசை மேல்தான் இருக்கிறது. உங்கள் மகளுக்குத் திருகாணி வேண்டுமென்றால் சொல்லுங்கள், அனுப்பிவைக்கிறேன்.