தேக்கத்தில் பழகிய துடுப்பு கடலுக்குப் போதுமா?

கேள்வி: காசல்ரீ நீர்த்தேக்கத்தில் பலகை மீது நின்று துடுப்பு வலிக்கப் பழகியுள்ளேன். ஓகஸ்ட் விடுமுறையில் பாசிக்குடாக் கடலில் இறங்கலாமா?
– வாசகி, நோர்வூட்

பதில்: தாராளமாக இறங்கலாம், ஆனால் குடாவுக்குள் மட்டும். அங்கே வெகுதூரம் வரை ஆழம் குறைவு. முருகைக்கற்பார் (கடலடிப் பவளப்பாறைத் திட்டு) அலையைத் தடுப்பதால் நீர் உங்கள் தேக்கத்தைப் போலவே அடங்கியிருக்கும். பாருக்கு அப்பால் நிலைமை வேறு. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் கிழக்குக் கரையில் பெரும்பாலும் தரையிலிருந்து கடலை நோக்கியே காற்று வீசும். அவ்வூரார் கச்சான் என்றழைக்கும் அந்தக் காற்றைக் கரையோர மரங்கள் மறைத்துவிடுவதால், கரையருகே நீர் கண்ணாடி போலத் தோன்றும்; தள்ளிச் சென்ற பின்னரே, நிற்கும் உடல் படகின் பாய் போலாகி, பலகையை வெளியே இழுத்துச் செல்வது புரியும். தேக்கத்தில் காற்று எப்பக்கம் ஒதுக்கினாலும் ஒரு கரை உண்டு. இங்கே அது இல்லை என்பதே என் பெரிய கவலை. ஆகவே, தென்னோலை நுனிகள் கடல் பக்கம் பறந்தால் வெளியே செல்ல வேண்டாம். காற்று பிடித்துவிட்டால் உடனே முழந்தாளிட்டு, குறுகிய வலிப்புகளால் கரையை நோக்குங்கள். உயிர்காப்பு அங்கியும், பலகையோடு உங்களைப் பிணைக்கும் கணுக்கால் கயிறும் கட்டாயம். விழுந்தாலும் பலகையைக் கைவிட்டு நீந்தாதீர்கள். அதுவே உங்கள் மிதவை.