காலடியில் ஒரு ஓவியக் கண்காட்சி

கேள்வி: லண்டன் நடைபாதையில் துப்பிப் போட்ட சூயிங்கத்தின் மேல் ஒருவர் படம் வரைகிறாராம். மகன் சொன்னான், நான் நம்பவில்லை. நிஜமா?
- வாசகி, தேனி

பந்தயம் கட்டவில்லையே? தோற்றிருப்பீர்கள். அவர் பெயர் பென் வில்சன். மரச்சிற்பம் செய்துகொண்டிருந்தவர், 1998 வாக்கில் சூயிங்கத்தில் வரைந்து பார்த்தார், 2004லிருந்து அதுவே முழுநேர வேலை. மிதிபட்டு மிதிபட்டுக் கறுத்து, தரையோடு அப்பிப்போன சூயிங்கத்தை முதலில் சின்ன கேஸ் டார்ச்சால் சூடாக்கி இளக்குகிறார், மேலே லாக்கர் என்ற வார்னிஷ் மாதிரியான பூச்சைப் பூசுகிறார், அப்புறம் தரையில் அப்படியே குப்புறப் படுத்துக்கொண்டு மெல்லிய தூரிகையால் அக்ரிலிக் எனாமல் பெயின்ட்டில் வரைகிறார். இடம் என்னவோ நாணயத்தளவுதான். அதற்குள் எதிரே தெரியும் தெருவும் தேவாலயமும் ஜன்னல் முதற்கொண்டு வந்துவிடும். கடைசியில் மறுபடி லாக்கர். எனக்கு அந்தக் கடைசிப் பூச்சுதான் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அவர் எழுந்து போன அடுத்த நிமிடமே யாராவது அதை மிதிக்கத்தான் போகிறார்கள். வழியில் போகிறவர்கள் காதலியின் பெயர், இறந்துபோன அம்மாவின் பெயர் என்று கேட்டால் அதையும் வரைந்து தருகிறார்.

கேள்வி: சரி, அது பொதுச்சொத்தைச் சேதப்படுத்துவது ஆகாதா? போலீஸ் சும்மா விடுமா?
- வாசகர், கரூர்

விடவில்லை, பிடித்துக்கொண்டும் போயிருக்கிறார்கள். ஆனால் அவர் பக்கத்து நியாயத்தைக் கேளுங்கள்: நடைபாதையில் ஒரு சொட்டு பெயின்ட் படவில்லை, படம் இருப்பது சூயிங்கத்தின் மேல், அந்தச் சூயிங்கத்தைத் துப்பியவர் யாரோ. குப்பையைச் சேதப்படுத்தினான் என்று எந்தச் சட்டத்தில் எழுதுவது? துப்பியவரை விட்டுவிட்டு வரைந்தவரைப் பிடிப்பது நம்மூரில் மட்டும் நடக்கும் என்று நினைத்திருந்தேன்.

கேள்வி: அடுத்த மாதம் லண்டன் போகிறேன். எங்கே போய்ப் பார்ப்பது?
- வாசகர், கோவை

தேம்ஸ் மேல் மில்லேனியம் பாலம் என்று நடப்பவர்களுக்கு மட்டுமான பாலம் ஒன்று இருக்கிறது, செயின்ட் பால்ஸ் தேவாலயத்துக்கும் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்துக்கும் நடுவே. அவர் நிறைய வரைந்திருக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. அலுமினியத் தளத்தின் வரிப்பள்ளங்களில் சூயிங்கம் வசமாகச் சிக்கிக்கொள்ளும். மழையும் செருப்பும் துப்புரவு இயந்திரமும் எதை விட்டுவைத்திருக்கின்றனவோ அதுதான் உங்கள் அதிர்ஷ்டம். எல்லாரும் ஆற்றைப் படமெடுக்கும் நேரத்தில் நீங்கள் குனிந்து தரையைப் பாருங்கள், பின்னால் வருகிறவர் இடித்துவிட்டால் என்னைத் திட்டக்கூடாது.