வெற்று அங்கி

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தை எதிர்த்துப் போராடிய வாலஸ், புரூஸ் பற்றி எதைப் படித்தாலும் நடுவே ஜான் பேலியல் என்றொரு ஸ்காட்லாந்து ராஜா வருகிறார். ‘கையாலாகாதவர்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப்போகிறார்கள். ‘வெற்று அங்கி’ என்று பட்டப்பெயர் வேறு. நாலு வருஷம் ஆண்டவர் அவ்வளவு மட்டமான ஆளா?

செல்வம்

அன்புள்ள செல்வம்,

பேலியல் பெரிய வீரர் என்று நான் வாதாடப்போவதில்லை. ஆனால் அவர் கைக்கு வந்தது கிரீடம் அல்ல, கோர்ட் தீர்ப்பு. அதை மறந்துவிட்டுத்தான் அவரைத் திட்டுகிறோம்.

1286 மார்ச்சில் ஒரு புயல் இரவு. ஸ்காட்லாந்து ராஜா மூன்றாம் அலெக்சாண்டர் குதிரையிலிருந்து விழுந்து செத்தார். மிஞ்சிய ஒரே வாரிசு, நார்வேயில் இருந்த பேத்தி. அந்தக் குழந்தையும் 1290இல் கப்பலில் வரும் வழியில் இறந்துபோனது. உடனே அரியணைக்கு 13 பேர் உரிமை கோரினார்கள். நாட்டாமையாக வந்தவர் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட். ‘நான்தான் ஸ்காட்லாந்து ராஜாவுக்கும் மேலான அரசன் என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள், அப்புறம் வழக்கு’ என்றார். அத்தனை பேரும் ஒப்புக்கொண்டார்கள், புரூஸ் குடும்பமும் சேர்த்துத்தான். இந்த இடத்தைப் பலர் வசதியாக விட்டுவிடுவார்கள்.

பஞ்சாயத்தில் 104 பேர். பேலியல் தரப்பில் 40, புரூஸ் தரப்பில் 40, எட்வர்டின் ஆட்கள் 24. இருவரும் பழைய அரச குடும்பத்து டேவிட் என்ற பிரபுவின் வழி வந்தவர்கள். பேலியல் அவருடைய மூத்த மகள் வழிக் கொள்ளுப்பேரன், கிழவர் புரூஸ் (பின்னால் ராஜாவான புரூஸின் தாத்தா) இரண்டாவது மகளின் பிள்ளை. மூத்த வழிக்கே பட்டம் என்று 1292 நவம்பரில் முடிவானது. சட்டப்படி சரியான தீர்ப்பு என்றுதான் நினைக்கிறேன்.

நவம்பர் 30 அன்று ஸ்கோனில் பட்டம் கட்டினார்கள். ஒரே வாரத்தில், டிசம்பர் 7ஆம் தேதி, பெரிக் ஊர்க்காரர் ஒருவர் ஸ்காட்லாந்து நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை எதிர்த்து எட்வர்டிடம் மேல்முறையீட்டுக்குப் போனார். எட்வர்டும் எடுத்துக்கொண்டார்! பேலியல் விழுந்தது அன்றைக்குத்தான் என்பேன். மறு ஆண்டு மக்டஃப் என்பவரின் நில வழக்கு. அதற்கு ராஜாவே வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போய் பிரதிவாதியாக நிற்கவேண்டியிருந்தது. ‘என் நாட்டுப் பெரியவர்களைக் கேட்காமல் பதில் சொல்லமுடியாது’ என்றார். நல்ல பதில்தான். நீதிமன்ற அவமதிப்பு, மூன்று கோட்டைகள் பறிமுதல் என்றதும் இறங்கிவந்து வாய்தா கேட்டார். நிமிர்ந்த தலை அரைநாள்கூட நிற்கவில்லை என்று எரிச்சல் வரும். எனக்கும் வந்தது.

பிரான்ஸோடு சண்டை போட ஆள் அனுப்பு என்று 1294இல் எட்வர்ட் உத்தரவிட்டபோது ஸ்காட்லாந்துப் பிரபுக்களுக்குப் பொறுக்கவில்லை. 1295இல் 12 பேர் கொண்ட குழு ஆட்சியைக் கையில் எடுத்து, அந்த பிரான்ஸோடேயே ஒப்பந்தம் போட்டது. எட்வர்ட் படையோடு வந்தார். 1296 மார்ச்சில் பெரிக் சூறையாடப்பட்டது, ஏப்ரலில் டன்பாரில் தோல்வி. ஜூலையில் பேலியல் முடி துறந்தார். அப்போது அவர் உடுத்தியிருந்த அங்கியிலிருந்து அரச சின்னத்தைப் பிய்த்தெடுத்தார்கள். நீங்கள் கேட்ட பட்டப்பெயர் அங்கே வந்தது. ஸ்கோனின் முடிசூட்டுக் கல்லும் லண்டனுக்குப் போனது. அது திரும்பிவர 1996 ஆயிற்று.

மூன்று வருஷம் காவலில் இருந்தபின் 1299இல் அவரைப் போப்பின் பொறுப்பில் விட்டார்கள். டோவர் துறைமுகத்தில் பெட்டிகளைத் திறந்து சோதித்தபோது உள்ளே ஸ்காட்லாந்தின் தங்கக் கிரீடமும் முத்திரையும் இருந்தன. கையாலாகாதவர் என்கிறோம், அவர் அதை மூட்டைகட்டி வைத்திருக்கிறார்.

உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம், வாலஸ் நாட்டின் காவலராக, அதாவது ராஜாவுக்குப் பதில் ஆட்சியைப் பார்த்துக்கொள்பவராக, இருந்தது இந்த ராஜா ஜானின் பெயரால்தான். புரூஸ் வம்சம் வென்றபிறகு அந்தப் பெயரே ராசியில்லாததாகிவிட்டது. 1390இல் பட்டத்துக்கு வந்தவரின் இயற்பெயர் ஜான். அவர் அதை மாற்றிக்கொண்டு மூன்றாம் ராபர்ட் என்றுதான் முடிசூடினார்.